உள்நின்று காக்கும் பெருமான்

ஸ்ரீ:

நாஞ்சில் நாட்டுத் திவ்யதேசமாகிய திருவண்பரிசாரம், நம்மாழ்வாரைப் பெற்ற உடையநங்கையார் அவதரித்த தலம். அவர் ஈன்ற குழந்தை அழவில்லை, பாலுண்ணவில்லை. ஆயினும் திருமேனி வாடவில்லை என்று பெரியோர் கூறுவர். தாய் ஊட்டாத மகவைத் தரித்து நின்றவன் யார்? உள்ளுறையும் அந்தர்யாமியே அன்றோ!

அவனுடைய அக்காவல் எளியோர் சரீரத்திலும் இடையறாது நிகழ்கின்றது. சித்திரை வெயிலில் வீதிவலம் வரும் பக்தரின் பாதம் சுடுகின்றது. உள்வெப்பமோ ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் நிற்கின்றது. வியர்வை அரும்பி, ஆவியாகி, வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடித்து, ஓரிரு லிட்டர் நீங்கலாக அனைத்தையும் இரத்தத்திற்கே மீட்டளிக்கின்றன. உண்டபின் சர்க்கரை ஏறினால் கணையத்தின் இன்சுலின் அதனைத் தணிக்கின்றது. பட்டினியில் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து வழங்குகின்றது. பெருமழையில் மறுகால் பாய்ந்தும், கோடையில் மடை அடைத்தும் நாஞ்சில் நாட்டுக் குளங்கள் காக்கப்படுவது போன்றது இது.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1932-இல் இதனை விளக்கி எழுதிய நூலின் பெயருக்கு 'உடலின் ஞானம்' என்று பொருள். ஞானம் உண்டெனில் ஞானி ஒருவன் வேண்டுமே! ஆத்மாவினால் தரிக்கப்பட்டு, நியமிக்கப்பட்டு, அதற்கே சேஷமாய் இருப்பது சரீரம் என்று ஸ்ரீபாஷ்யத்தில் உடையவர் நிர்ணயித்தருளினார். உறங்கும் ஜீவனோ தன் மூச்சையும் அறியான். அவனுக்கும் ஆத்மாவாய் உள்நின்று, உறங்காது நியமிப்பவன் எம்பெருமான். பிராணிகளின் உடலில் வைச்வாநர அக்னியாய் இருந்து அன்னத்தைச் செரிப்பிப்பவன் தானே என்று கீதையின் 15-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் அருளுகின்றான்.

ஆகவே இவ்வுடல் அவனது உடைமை. தாகம் அவன் விடுக்கும் ஆணை. அதனை அடக்குதல் பக்தியன்று. வியர்வை வற்றித் தலை சுழலும்வரை வெயிலில் நிற்பதும், சர்க்கரை நோயுடையோர் மருத்துவரைக் கேளாது மருந்தை விட்டு ஏகாதசி உபவாசம் இருப்பதும் அவன் உடைமைக்கு இழைக்கும் தீங்காகும். மிகுதியாய் உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் இல்லை என்பது கீதையின் 6-ஆம் அத்தியாயம் காட்டும் நெறி. ஆழ்வார் உண்ணாதிருந்தது அவர் மகிமை. பிறர் அதற்குத் துணிவது அகந்தை.

தண்ணீர்ப் பந்தலில் தரும் நீர்மோரைப் பக்தர்கள் பிரசாதமாகவே பருகுவார்களாக. முதியோருக்கும் சிறுவருக்கும் முதலில் அளிப்பதே கைங்கரியம். காக்கும் திருவாழ்மார்பன் திருவடிகளே சரணம்.

சுபம்.