சும்மா வந்தோம்

உறவினர் வீட்டுக்கு நாம் எப்போது போகிறோம்? நல்லது கெட்டதுக்குப் போகிறோம். கல்யாணம், காதுகுத்து, காரியம். மற்ற நாளெல்லாம் போனில் விசாரிப்பதோடு சரி. எண்ணூர்ப் பக்கம் ஆலையில் ஷிப்ட் பார்த்த காலத்தில் அதற்கு மேல் நேரம் வாய்த்ததில்லை.

ஓய்வு பெற்றதும் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் கேஸ் அடுப்பும் வைத்தோம். அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்கள் இப்படி வண்டியையே வீடாக்கி மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். வண்டியை நிறுத்தித் தண்ணீரும் மின்சாரமும் எடுத்துக்கொள்ள அங்கே தனி முகாம்களே உண்டு. நமக்கு உறவுகளின் வாசல் இருக்கிறது.

முதலில் போனது பசியாவரத்துக்கு, மனைவியின் தங்கை வீட்டுக்கு. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஊர். தலைமுறைகளாகப் படகிலேயே போய்வந்த ஊர். வண்டியைப் பழவேற்காட்டில் விட்டுவிட்டு அவள் வாசலில் போய் நின்றோம். அவள் முகம் வெளிறிவிட்டது. “யாருக்கு என்னாச்சு மாமா?” என்றாள். சும்மாதான் வந்தோம் என்று நம்பவைக்கவே பாதி நாள் போனது. ராத்திரி வண்டியில் போய்ப் படுத்துக்கொள்கிறோம் என்றதற்கு, “ஏங்க்கா, நாங்க என்ன செத்தா போயிட்டோம்?” என்று சண்டைக்கு வந்தாள். கோபம் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பயம்தான் உறுத்தியது. சும்மா வந்த சொந்தக்காரரைப் பார்த்துப் பயப்படும்படி ஆகிவிட்டதே நம் போக்குவரத்து! மிச்சமிருக்கும் காலத்தை இதைச் சரிசெய்யத்தான் செலவிட வேண்டும் என்று தோன்றியது.

சும்மா போவதற்கும் முறை உண்டு. எல்லா நாளும் ஓய்வு நமக்குத்தான், அவர்களுக்கு இல்லை. இந்த ஏரியில் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஊர்க்காரர்கள் ‘பாடு’ வைத்து வலை விடுகிறார்கள். இறால் நன்றாக விழும் இடங்களில் யாருக்கு என்றைக்கு என்று முறை பிரித்திருக்கிறார்கள். வலுத்தவனே நல்ல இடத்தை வளைத்துக்கொள்ளாமல் இருக்கப் பெரியவர்கள் கண்ட வழி. முறை வந்த நாளில் போய் உட்கார்ந்து ஒரு வீட்டின் வருமானத்தைக் கெடுக்கலாமா? பாடு இல்லாத குடும்பங்களுக்கும் நீர் ஏறி இறங்குவதுதான் கடிகாரம். இப்போதெல்லாம் நாளைச் சகலையிடம் கேட்டுக்கொண்டுதான் கிளம்புகிறோம். போனால் நானும் அவரோடு உட்கார்ந்து வலைக் கிழிசல் பார்க்கிறேன்.

பேரப்பிள்ளைகள் வந்தால் படகு கேட்பார்கள். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில் இங்கே உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஒரே உறவுக்கூட்டம். உயிர்காப்பு அங்கி இல்லை. அதன் பிறகு சுற்றுலாப் படகுகளுக்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. அந்தக் குடும்பத்தை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. எல்லாரும் சேர்ந்திருக்க ஆண்டில் ஒரு நாள்தான் கிடைக்கிறது. அந்த ஒரு நாளில் எல்லாரும் ஒரே படகில் ஏறிவிடுகிறோம். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழி இல்லை. எனக்கு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை போகலாம், இரண்டு பிள்ளைகளை மட்டும் கூட்டிப் போகலாம், அலை சரியில்லை என்றால் மறுநாள்வரை இருக்கலாம்.

படகு இல்லாமலும் அவர்களுக்குக் குறையில்லை. பனிக்காலத்தில் பூநாரைகள் வந்திருக்கும். சேற்றில் நண்டு வளை தேடலாம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்ட வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேத்தி கேட்ட கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்லி மாளவில்லை.

வேலை நாளில் பிள்ளைகளைக் கூட்டிப் போவதில் மகளுக்கு உடன்பாடில்லை. பள்ளிக்கூடம் கெடுகிறது, ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சின்னதுகளை அந்தக் கரையில் விட எனக்கு மனமில்லை. அடுத்த மாதம் இரண்டு நாள் விடுப்புக் கேட்டு எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.