நாவின் முடிச்சு

மூன்று வயது நிறைந்தும் பேசாத குழந்தை ஒன்று வீட்டில் இருக்குமாயின், அவ்வீட்டுப் பெரியவர்களின் பேச்சே மாறிவிடுகிறது. வருவோர் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு உம்மாவின் முகத்தைப் பார்க்கின்றனர். "ஆண்பிள்ளை, சற்றுத் தாமதமாகத்தான் பேசும்" என்பார் ஒருவர். "அவன் வாப்பாவே நாலு வயதில்தானே வாய் திறந்தான்" என்பார் மற்றொருவர். வசம்பைச் சுட்டு நாவில் தடவச் சொல்வோரும், தண்ணீர் ஓதிக் கொடுக்கச் சொல்வோரும் உண்டு. என் மகள் வயிற்றுப் பேரனை முன்னிட்டு இவையனைத்தையும் கேட்டவன் நான். தண்ணீர் ஓதிக் கொடுத்தவனும் நானே. ஓதியது பிழையன்று. ஓதிவிட்டோம் என்று ஓராண்டுக் காலம் வாளாவிருந்ததே பிழை.

அந்த ஓராண்டுக்கு நான் சூட்டிய பெயர் ஸப்ரு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு பெருமானார் (ஸல்) பணித்த செய்தியை எத்தனை மேடைகளில் எடுத்துரைத்திருப்பேன்! என் வீட்டு முற்றத்தில் ஒட்டகம் கட்டப்படாமலே நின்றது. குழந்தையின் குறையை ஊரார் அறியலாகாது என்ற கூச்சமே அதற்குக் காரணம். கூச்சம் பொறுமையின் ஆடையை உடுத்திக்கொண்டு வரும்போது, கிதாபு ஓதியவனுக்கும் அதை இனங்காண முடிவதில்லை.

இறுதியில் மருத்துவரிடம் சென்றோம். பேசாத குழந்தைக்கு முதலில் சோதிக்க வேண்டியது நாவையன்று, செவியையே என்பதை அங்குதான் அறிந்தேன். கதவு அறையும் ஓசைக்குத் திரும்பிப் பார்க்கும் பிள்ளைக்கும், 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் கேளாமலிருக்கக் கூடுமாம். எங்கள் பேரனுக்குச் செவியில் குறையில்லை. நாம் சொல்வது விளங்குகிறது. தான் கருதியதைச் சொல்லாக்க இயலவில்லை. இத்தகையோர்க்கென்றே மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் 1965 முதல் இயங்கிவருகிறது. இன்று நம் ஊர்களிலும் பேச்சுப் பயிற்சியாளர்கள் இருக்கின்றனர். எங்களுக்கு வாய்த்த பயிற்சியாளர் கூறியது எளியது: "'சொல், சொல்' என்று நெருக்காதீர்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதன் பெயரைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பத்து எண்ணும் நேரம் மௌனமாய்க் காத்திருங்கள். அவன் கைகாட்டினால் அதுவும் பேச்சே. உடனே மறுமொழி கொடுங்கள்."

இந்தக் கடைசிக் கூற்றுத்தான் வீட்டில் சச்சரவை மூட்டியது. சைகையை ஏற்றுக்கொண்டால் பிள்ளை எக்காலத்தும் வாய் திறவாதே என்று அஞ்சினாள் என் துணைவி. 'தண்ணி' என்று சொல்லும்வரை குவளையைக் கொடுப்பதில்லை என்று சிலநாள் நிறுத்தியும் பார்த்தாள். குழந்தை அழுததே தவிரச் சொல் வரவில்லை. சைகையும் படமும் பேச்சைத் தடுப்பதில்லை என்றே இத்துறை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எனினும் என்னை உறுத்திய வினா வேறு. தாகத்தைத் தெரிவித்துவிட்ட ஒருவனிடம், நாம் விரும்பும் வடிவில் தெரிவிக்கவில்லை என்பதற்காகத் தண்ணீரை மறுக்க நமக்கு உரிமை உண்டா?

இதற்கு விடை தேடி நான் நெடுந்தொலைவு செல்லவில்லை. மதரஸாவில் ஓதிய ஃபிக்ஹிலேயே அது இருந்தது. ஊமையின் சைகையால் நிகாஹ் நிறைவேறும், விற்பனையும் செல்லும். உதுமானியர் ஆட்சியில் 1869க்கும் 1876க்கும் இடையே தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டத்தின் 70ஆம் விதி, ஊமையின் அறியப்பட்ட சைகையை நாவின் சொல்லுக்கு நிகராக வைக்கிறது. 'மஃஹூதா' என்ற சொல்லை மாணவர்க்குப் பலமுறை பதவுரை சொல்லிக் கடந்திருக்கிறேன். இப்போதுதான் அச்சொல்லின் பக்கத்தில் நின்றேன். மஃஹூதா என்றால் பழகி அறியப்பட்டது. சைகை தானே அறியப்பட்டதாகிவிடுமா? சுற்றியிருப்போர் கூர்ந்து பார்த்துப் பழகினாலன்றி ஆகாது. அப்படியானால் கடமையின் பாதி பேசாதவன்மீதன்று, பார்ப்பவர்மீது விழுகிறது. பேச்சுக் கலையையே நூலாக்கிய ஜாஹிழும் கருத்தை வெளிப்படுத்தும் வழிகள் ஐந்தென எண்ணி, சொல்லுக்கு அடுத்தபடியாகச் சைகையைச் சேர்த்திருக்கிறார். 'ரா' எழுத்து நாவில் வராத வாஸில் இப்னு அதா, அவ்வெழுத்தே வராமல் நீண்ட சொற்பொழிவு ஆற்றிய செய்தியையும் அவரே தருகிறார். கொள்கையில் வாஸிலோடு நமக்கு உடன்பாடில்லை, திறமையை வியக்கலாம். ஆயினும் இக்கதையைப் பெற்றோரிடம் ஆறுதலாகச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். குறையுள்ள பிள்ளை மேதையாகித்தான் மதிப்பைப் பெற வேண்டுமென்பது என்ன நியாயம்?

மூஸா (அலை) அவர்களின் துஆ இதனினும் ஆழமானது. நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு வேண்டிய அன்னார், தம் பேச்சை மக்கள் விளங்கிக்கொள்வதையே அதன் நோக்கமாகக் கூறினார்கள். முடிச்சு முழுவதும் நீங்க வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை, விளங்கும் அளவுக்கே கேட்டார்கள் என்பார் இப்னு கதீர். அத்தோடு உடன்பிறந்த ஹாரூனையும் துணையாகக் கேட்டார்கள். தெளிவாகப் பேச இயலாதவர் என்று பின்னர் எள்ளியவன் ஃபிர்அவ்ன்.

இதை எழுதும்போது, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குமுன் என் மக்தபில் ஓதிய சிறுவன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். ஒவ்வோர் ஆயத்தின் தொடக்கத்திலும் திக்கி நின்றுவிடுவான். பிள்ளைகள் சிரித்தனர், நான் தடுக்கவில்லை. மற்றவர் பாடம் தாமதமாகிறதென்று அவனைக் கடைசி வரிசையில் அமர்த்தினேன். திக்கித் திணறிக் குர்ஆன் ஓதுபவருக்கு இரட்டைக் கூலி உண்டென்ற நபிமொழியை அதே வாரத்தில் ஜும்ஆவில் சொல்லியிருந்தேன். ஒரு மாதத்தில் அவன் வருவது நின்றுபோயிற்று. அவன் வாப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் வீடு தேடிச் செல்லவில்லை.

பேரனுக்கு இப்போது நான்கு வயது. சொற்கள் பத்துக்குள்தான். பாங்கொலி கேட்டால் இரு காதுகளிலும் கைவைத்துக் காட்டி, என் தொப்பியை எடுத்து வருகிறான். சென்ற வெள்ளிக்கிழமை விருந்தாளி வீட்டுப் பிள்ளை ஒன்று, "இவன் ஏன் காதைப் பொத்துகிறான்?" என்று கேட்டது. பக்கத்து வீட்டுச் சிறுமி விளையாட்டை நிறுத்தாமலே, "பொத்தலை, பாங்கு சொல்றாங்கன்னு சொல்றான்" என்றாள்.