ஒரு வினைச்சொல்

விருதுக்கான விண்ணப்பத்தில் பெயர், முகவரி, பதிப்பகம், வெளியான ஆண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டேன். கடைசியில் இருந்த உறுதிமொழியில்தான் பேனா நின்றுவிட்டது. மேற்கண்ட விவரங்கள் உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த வரி கேட்டது படிவத்தில் எழுதியதைப் பற்றி மட்டுமே. எனக்கோ அது என் புத்தகம் முழுவதையும் கேட்பதுபோல் இருந்தது.

ஓசூரைச் சுற்றி, வயல் இருந்த இடத்தில் ஆலை வந்த பிறகு அந்த வயல்காரர்கள் என்ன ஆனார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய புத்தகம் அது. கற்பனை ஒரு வரிகூட இல்லை என்று முன்னுரையில் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அதில் ஒரு அத்தியாயம் தொரப்பள்ளிப் பக்கத்துப் பெரியவர் ஒருவருடையது. அச்சானதும் அவருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். படித்தீர்களா என்று கேட்டதில்லை. படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்க்கக் கிளம்பினேன்.

தொரப்பள்ளிக்குப் போகும் யாரும் ராஜாஜி வீட்டைப் பார்க்காமல் தாண்டிப் போவதில்லை. நானும் போகவில்லை. 1878 டிசம்பர் 10 அன்று அந்த ஊரில், கிராம முன்சீப்பின் மகனாகப் பிறந்தவர். வீடு இப்போது அரசு நினைவில்லம். சுவரில் உள்ள படங்களில் கவர்னர் ஜெனரல் ராஜாஜியைப் பார்க்கலாம், முதலமைச்சர் ராஜாஜியைப் பார்க்கலாம். அன்று எனக்கு வேண்டியிருந்தவர் எழுத்தாளர் ராஜாஜி.

1954இல் முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கியவர், ராமாயணத்தை எளிய உரைநடையில் எழுத உட்கார்ந்தார். ‘கல்கி’யில் வாராவாரம் வந்து, பிறகு ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்று நூலாயிற்று. 1958இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது. யோசித்தால் இது ஒரு விசித்திரமான விருது. கதை அவருடையதல்ல, வால்மீகியும் கம்பனும் சொன்னது. நாவல் என்று அதைச் சொல்ல முடியாது, ஆராய்ச்சி என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்த ஒவ்வொரு வீட்டிலும் கதை தெரிந்த ஒரு பாட்டி இருந்தாள். பேரன் உரக்கப் படிக்க, “அப்படியில்லடா” என்று இடைமறிக்க அவளால் முடிந்தது. அகாதெமியின் நடுவர்களுக்கு முன்பே அந்தப் பாட்டிகளிடம் தேறிய புத்தகம் அது.

இதே ராஜாஜி சாமானியருக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்க ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனபோது நாள் தவறாமல் குறிப்பெழுதினார். இவற்றை அனுப்பிவைக்க அன்று அகாதெமி விருது இல்லை. அகாதெமி பிறந்ததே 1954இல்தான். இன்று தமிழ் வளர்ச்சித் துறை சிறந்த நூல்களுக்குத் தரும் பரிசில் முப்பதுக்கு மேற்பட்ட வகைப்பாடுகள் இருக்கின்றன. வேதியியலுக்கு இடம் உண்டு, வேளாண்மைக்கு உண்டு, தன்வரலாற்றுக்கும் உண்டு. அந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். கதை எழுதாதவனையும் எழுத்தாளன் என்று ஒப்புக்கொள்ளும் பட்டியல் அது.

அகாதெமியின் தமிழ் விருதுகளும் அப்படித்தான் தொடங்கின. 1955இல் முதல் விருதே ரா.பி. சேதுப்பிள்ளையின் கட்டுரைகளுக்கு. பிறகு பயண நூல், ராமானுஜர் வரலாறு, புதுக்கவிதையின் வரலாறு, மணிக்கொடிக் காலத்தின் நினைவுகள் என்று வந்தன. 1990க்குப் பிறகு நாவலும் சிறுகதையும் கவிதையும்தான் மிகுதி. நெடுநாள் கழித்து 2024இல் ஒரு வரலாற்று நூலுக்குக் கிடைத்தது: ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. வ.உ.சி.யின் கடிதங்களை அவர் நூலாக வெளியிட்டது 1984இல். இடையில் நாற்பது ஆண்டுகள்!

வ.உ.சி. கைதானதை எதிர்த்து 1908 மார்ச்சில் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். நாவலாசிரியர் அவர்களை எழுதினால் அவர்கள் பாத்திரங்கள். வரலாற்றாசிரியர் எழுதும்போது, தங்களைப் பற்றிய தவறைத் திருத்த எழுந்து வர முடியாத நான்கு மனிதர்கள். அவர்கள் சார்பில் கேள்வி கேட்கக் காகிதங்கள்தான் உண்டு. அவற்றைத் தேடித்தான் நாற்பது ஆண்டு போகிறது.

என்னுடைய ஆளோ உயிரோடு இருந்தார், பத்து நிமிட நடையில்.

திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த பிரதி உள்ளே சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். “நானே படிச்சுக் காட்டட்டுமாங்க ஐயா?” என்றேன். தலையை ஆட்டினார். அவருடைய அத்தியாயத்தைப் படித்தேன். தென்பெண்ணையில் தண்ணீர் தெளிவாக ஓடிய காலம், அவர் போட்ட ராகி, அவருடைய மாடுகளின் பெயர்கள் வரைக்கும் எழுதியிருந்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அத இன்னொரு தரம் படிங்க சார்.”

‘தொழிற்சாலை வந்தபோது நிலத்தை விற்றார்’ என்ற வரி.

“நான் விக்கலையே” என்றார். “எடுத்துக்கிட்டாங்க. பணம் குடுத்தாங்க, வாங்கிக்கினேன். ஆனா நான் விக்கல.”

கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு, “மேல படிங்க” என்றார். என்னால்தான் படிக்க முடியவில்லை. ஒலிப்பதிவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதிலும் அவர் எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார். எழுதும்போது என் கை அதை ‘விற்றார்’ என்று மாற்றிக்கொண்டது. வாக்கியம் சிறியதாக, அழகாக வந்தது, அவ்வளவுதான் காரணம். அந்த ஒரு வினைச்சொல்லில் அவருடைய சம்மதத்தை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன், அவர் யாருக்கும் கொடுக்காத சம்மதத்தை.

எந்த நடுவரும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். நடை பார்ப்பார்கள், உழைப்பைப் பார்ப்பார்கள், மேற்கோள்களைச் சரிபார்ப்பார்கள். விற்றாரா, எடுத்தார்களா என்று அறிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவரிடம் போகாமலே அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட இருந்தேன்.

விருதுக்கு அனுப்புவதில் தவறு ஒன்றும் இல்லை. பரிசுப் பட்டியலில் பெயர் வந்தால் ஒரு புத்தகம் நூலகத்துக்குப் போகும், இன்னும் நூறு பேர் கையில் சேரும். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. ஆனால் உண்மையை எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளும் புத்தகத்தை முதலில் எடைபோடும் உரிமை, அதற்குள் வாழ்கிறவருக்கே உண்டு. நடுவர் அவருக்கு அடுத்த வரிசையில்தான் உட்கார முடியும்.

அன்று மாலை இருட்டும்வரை அவரோடு இருந்து மீதிப் பக்கங்களையும் படித்து முடித்தேன். மாட்டின் பெயர் ஒன்றிலும் ஓர் எழுத்துப் பிழை இருந்தது.

புத்தகத்தில் இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள். மறுநாள் காலை அடுத்தவர் வீட்டுக்குப் போனேன்.