சாவி யாரிடம், பொறுப்பு யாரிடம்?

வேலைக்காக வெளியூர் போகிற ஆண், வீட்டிலிருக்கும் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போகிற வாக்கியம் ஒன்று உண்டு: “பத்திரமாப் பாத்துக்கோ.” வீடு, நகை, வயதான அம்மா, பிள்ளைகள் என்று எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். படையில் இருக்கும் ஒருவர் தன் பெயரில் உரிமம் வாங்கிய துப்பாக்கியை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மனைவி கையில் கொடுத்துவிட்டு எல்லைக்குத் திரும்பும்போதும் இதே வாக்கியம்தான். ஆனால் துப்பாக்கியை அப்படிப் பாத்துக்கொள்ள முடியுமா? அவர் இல்லாத மாதங்களில் அந்த ஆயுதத்துக்கு யார் பொறுப்பு?

பிறர் பொருளைக் காப்பது என்றால் என்ன என்று காஞ்சிபுரத்துத் தறிவீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூலிக்கு நெய்யும் வீட்டுக்கு முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ பட்டும் சரிகையும் எடைபோட்டு வருகின்றன. நெய்து முடித்த புடவையையும் எடைபோடுகிறார்கள். குறைந்தால் கூலியில் பிடித்தம். கணக்கு பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும். தார் சுற்றுவதும், ஈரமும் எலியும் அண்டாமல் பட்டைக் காப்பதும் பெண்கள் வேலை. பொருள் ஒருவருடையது, கணக்கு இன்னொருவர் பெயரில், காவல் மட்டும் அவளுக்கு.

பிள்ளையார்பாளையத்தில் இப்படி ஒரு வீட்டுப் பிள்ளை ராணுவத்தில் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். உரிமம் பெற்று ஒரு துப்பாக்கியும் வாங்கினார். ஓய்வுபெற்ற பிறகு வங்கியில் காவலர் வேலைக்குப் போக அது உதவும் என்பது பல வீரர்களின் கணக்கு. இப்போது அந்த வீட்டுப் பெண்ணின் காவலுக்கு இன்னொரு பொருள் வந்துவிட்டது. பட்டு குறைந்தால் கூலி போகும். இது தவறினால் உயிர் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. கணவரின் உரிமம் மனைவியையும் சேர்த்து மூடும் குடை ஆகாது. உரிமம் இல்லாத ஒருவர், உரிமம் உள்ளவரின் எழுத்துமூலமான அனுமதியோடு அந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோகலாம் என்று 3-ஆம் பிரிவு ஒரு விலக்கு தருகிறது. எதற்காக? பழுதுபார்க்க, உரிமத்தைப் புதுப்பிக்க, அல்லது உரிமம் உள்ளவரே பயன்படுத்துவதற்காக. அதாவது சட்டத்தின் கண்ணில் அவள் தூக்கிச் செல்லும் ஆள்தான்.

ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பேன் என்று 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெறுபவர் எழுதிக்கொடுக்க வேண்டும். கையெழுத்து அவருடையது. அவர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது அந்த வாக்கைக் காப்பாற்றுவது அவள். தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது வாசலில் நிற்கும் காவலருக்குப் பதில் சொல்வதும் அவள்தான்.

ஒருவரை ஒரு பொருளுக்குப் பொறுப்பாளி என்று சொல்ல வேண்டுமானால், அந்தப் பொருளைப் பற்றிய அறிவும் அதன்மீது அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்க அவளுக்குச் சொல்லித்தரப்படவில்லை. விற்கவோ, வீட்டைவிட்டு அகற்றவோ அவளுக்கு உரிமை இல்லை. ஆனால் குழந்தை சாவியைக் கண்டுபிடித்தால், கொழுந்தன் குடித்துவிட்டு வந்து பீரோவைத் திறக்கச் சொன்னால், திருடன் தூக்கிப்போனால், “நீ என்ன செஞ்சுக்கிட்டு இருந்தே?” என்ற கேள்வி அவளுக்கு வரும். அறிவும் அதிகாரமும் தராமல் பழியை மட்டும் தருவதற்குப் பொறுப்பு என்று பெயரில்லை. சம்பளமில்லாத காவல் வேலை அது.

“தனியா இருக்கிற பொம்பளைக்கு அது ஒரு தைரியம்தானே” என்பார்கள். இந்த வாதத்தை அரசே விற்றிருக்கிறது. டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தது. எடை அரைக் கிலோ, விலை ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய். நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்துத் தந்தார்கள். அந்த விலை எத்தனை பெண்களுக்குக் கட்டும் என்பது இருக்கட்டும். பெண்ணுக்கு ஆபத்து எப்போதும் தெருவிலிருந்துதான் வருகிறதா? அமெரிக்காவில் 1993-இல் வெளியான கெல்லர்மன் குழுவினரின் ஆய்வு, துப்பாக்கி உள்ள வீடுகளில் கொலை நடக்கும் அபாயம் சுமார் 2.7 மடங்கு என்று கண்டது. கூடுதலான அந்த அபாயம் அநேகமாக முழுவதும் குடும்பத்தினராலும் நெருங்கியவர்களாலும் வந்தது. அந்த நாடு வேறு, அங்குள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கை வேறு. ஆனால் அடிக்கிற கை பெரும்பாலும் தெரிந்த கை என்பது நமக்கும் புதிதல்ல.

சுவிட்சர்லாந்தில் ராணுவப் பணி செய்யும் ஆண்கள் படை தந்த துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். 2006 ஏப்ரலில் பனிச்சறுக்கு வீராங்கனை கோரின் ரே-பெல்லேயை அவருடைய கணவர் ராணுவத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். அவருடைய சகோதரரும் கொல்லப்பட்டார். அதன்பின் ‘அனாபெல்’ என்ற பெண்கள் இதழ், இந்த ஆயுதங்கள் வீட்டைவிட்டுப் போகட்டும் என்று கையெழுத்து இயக்கம் தொடங்கியது. ஆயுதங்களைக் கிடங்கில் வைக்கும் யோசனை 2011 பிப்ரவரி 13 அன்று மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது. 56 விழுக்காட்டினர் அதை எதிர்த்தார்கள். ஆனால் அதற்கு முன்பே வீடுகளில் கொடுத்துவைத்திருந்த தோட்டாக்களைத் திரும்பப் பெற முடிவெடுத்துவிட்டார்கள். விரும்பும் வீரர் துப்பாக்கியைக் கிடங்கில் விட்டுவைக்கவும் வழி வந்தது. வீட்டுக்குள் இருக்கும் ஆயுதம் குடும்ப விஷயம் அல்ல, பொது விஷயம் என்று பெண்கள் பேசியதன் பலனில் இதற்கும் பங்குண்டு.

நம் நாட்டில் இதற்கு வாக்கெடுப்பு தேவையில்லை. வைத்திருக்கும் உரிமை முடிந்துபோன ஆயுதத்தை ஒப்படைக்க 21-ஆம் பிரிவு மூன்று இடங்களைச் சொல்கிறது: காவல் நிலையம், உரிமம் பெற்ற ஆயுத வியாபாரி, படையில் இருப்பவர் என்றால் அவருடைய பிரிவின் ஆயுதக் கிடங்கு. உரிமம் நடப்பில் இருக்கும்போதே பத்திரத்துக்காக ஒப்படைக்கவும் விதிகள் இடம் தருகின்றன. இத்தனை கதவுகள் திறந்திருக்க, மனைவியின் புடவை அடுக்குக்கு நடுவே அதை வைப்பது அவருடைய சௌகரியம் மட்டுமே.

“அப்படிச் சொன்னால் புருஷன்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகாதா?” நம்பிக்கை உள்ள வீட்டில்தான் இதைப் பேச முடியும். பட்டை எடைபோட்டு வாங்கும் சங்கம் நெசவாளரைத் திருடன் என்று சொல்வதில்லை. கணக்கு இருந்தால் இரண்டு பக்கமும் நிம்மதி என்பதுதான் அதன் பொருள்.

அப்படியானால் பெண் துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாதா? அவளுக்கு வேண்டுமென்றால் தன் பெயரில் உரிமம் கேட்கலாம், பயிற்சி பெறலாம். அப்போது அறிவும் அதிகாரமும் பொறுப்பும் ஒரே கையில் சேரும். சரியா தவறா என்று அந்த முடிவோடு நாம் வாதிடலாம், ஆனால் முடிவு அவளுடையது. இந்த நியாயம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. காஞ்சிக்கு அதிகத் தொலைவில் இல்லாத பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பெண்களும் பயிற்சி பெற்றுப் படைக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருத்தி தன் துப்பாக்கியை வீட்டில் விட்டுப்போனால், கணவனையும் காவலாளி ஆக்கக் கூடாது.

ஆகவே அவர் கிளம்பும் முன்பே கேட்க வேண்டியவை உண்டு. தோட்டாவை எடுத்தாயிற்றா? ஆயுதத்தை எங்கே ஒப்படைத்தீர்கள்? ஒப்படைத்ததற்கு ரசீது எங்கே? உரிமம் எந்தத் தேதியில் முடிகிறது? இவற்றைக் கேட்கிற பெண்ணை வாயாடி என்று சொல்லட்டும். சாவியைக் கொடுத்தால் வாங்காமல், “ரசீதைக் குடுத்துட்டுப் போங்க” என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு.