வாசலுக்கு அப்பால்

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். இதை அறியாத முஸ்லிம் இலர். ஆனால், அகற்றிய தொல்லை எங்கே போய்ச் சேர்ந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

வீட்டு முன்புறத்தில் வெடிப்புற்ற தார்ப் பாதையைப் பெயர்த்தெடுக்கிறோம். 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் கனம், அவ்வளவுதான். ஆயினும், பெயர்த்த கட்டிகளின் எடையோ ஏறக்குறைய 3.5 டன்! லாரிக்காரரிடம் பேரம் பேசிக் கூலியைக் குறைக்கிறோம். லாரி போனதும் வாசலைக் கழுவிவிட்டு, "சுத்தமாயிற்று, அல்ஹம்துலில்லாஹ்" என்கிறோம். கழுவிய நீரோடு போன சரளை, அண்டை வீட்டாரின் சாக்கடையை அடைக்கிறது; தேங்கிய நீரில் கொசு பெருகுகிறது. லாரிச் சுமையோ இரவோடிரவாகச் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் கவிழ்க்கப்படுகிறது.

"நானா கொட்டினேன்? கூலி கொடுத்துவிட்டேனே!" எனலாம். முறையான இடத்தில் கொட்டக் கட்டணம் உண்டு. அதற்கும் போதாத கூலியை அறிந்தே கொடுத்தவர், அக்குற்றத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்கியவராவார். விசாரித்து, நியாயமான கூலி கொடுத்தும் ஏமாற்றப்பட்டவர் மீது பழியில்லை.

பழைய தார்க்கட்டி வீண்பொருளும் அன்று. உடைத்துச் சூடாக்கிக் கலந்தால் மீண்டும் சாலைக்கே உதவும்.

சகோதரர்களே! நம் வாசலின் தொல்லையைப் பிறர் வாசலுக்கு மாற்றுவது அகற்றுவது ஆகாது. கூலி பேசுமுன், "எங்கே கொட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியும் ஈமானின் பாற்பட்டதே. வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.