தரிப்பிடத்தின் விலை

மாத்தளை கொங்காவெலப் பக்கம் வளவுள்ள வீடுகளில் வாகனம் பலா மரத்தடியிலோ மிளகுக் கொடியோரத்திலோ நிற்கும். அதற்கொரு விலை உண்டென்று யாரும் எண்ணியதில்லை. கொழும்பிலோ தரையில் வெள்ளைக்கோடு கீறிய நீள்சதுரம் ஒன்றுக்கு மாதாந்தம் 15,000 ரூபாய். எனது சகோதரியின் மகன் மருந்து விற்பனைப் பிரதிநிதி. வாகனமின்றி அவனுக்குத் தொழிலில்லை. தெஹிவளையில் அவன் பார்த்த தொடர்மாடி வீட்டுக்கு வாடகை 85,000. தரிப்பிடம் வேறு.

இஜாராவில் விற்கப்படுவது பொருளல்ல, பயன். வெற்றுத் தரைக்கும் பயனுண்டு. ஆகவே கூலியும் உண்டு. இதில் எனக்குச் சிக்கலில்லை. உரிமையாளரான விதவைத் தாய் சொன்ன மாற்று யோசனைதான் உறுத்தியது. மீளத் தரப்படும் வைப்பாக மேலும் பத்து இலட்சம் கொடுத்தால் தரிப்பிடம் இலவசம்.

“எல்லாரும் இப்படித்தானே மாமா செய்றாங்க?” என்றான் மருமகன்.

கணக்குப் பார்த்தேன். வருடத்துக்கு 1,80,000 ரூபாய்; பத்து இலட்சத்துக்கு நூற்றுக்கு 18. வைப்பைத் தொடாமல் காத்து வைத்தால் அது அமானிதம். செலவழித்துப் பின்னர் திருப்பித் தருவதென்றால், பெயர் எதுவானாலும் கடன்தான். கடனோடு நிபந்தனையாகக் கட்டிய பயன் வட்டி என்பதில் பிக்ஹு அறிஞரிடையே பெரிய வேறுபாடில்லை. இரு தரப்பும் மனமொப்பினால் போதாதா என்பார்கள். வட்டியில் எப்போதுதான் மனமொப்பாமல் இருந்தார்கள்? கையில் பத்து இலட்சம் உள்ளவனுக்கு இடம் இலவசம், இல்லாதவனுக்கு 15,000 என்பதும் எனக்குச் செரிக்கவில்லை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அதற்கு ஒரு வருடம் முன்பு பத்து இலட்சம் வைத்தவர் திரும்பப் பெற்றது எண்ணிக்கையில் அதே பத்து. வாங்கும் சக்தியில் ஆறுக்கும் குறைவு. அவரைப் பார்த்து வட்டி தின்றவர் என்று சொல்ல நா எழுமா? சட்டம் ஒருபுறமிருக்க, என் மனம் இங்கே தடுமாறத்தான் செய்கிறது.

உரிமையாளரின் அச்சமும் சும்மா வந்ததல்ல. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகை உயர்வையும் வெளியேற்றலையும் கட்டுப்படுத்தியது. மறுவருடமே, பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், ஒரு குடும்பம் வைத்திருக்கத்தக்க வீடுகளுக்கு உச்சவரம்பு வந்தது. மேலதிக வீடுகளைக் குடியிருந்தவர்களே வாங்கவும் வழி பிறந்தது. ஏழைக்கு நன்மைதான். எனினும் அன்றிலிருந்து வீடு கொடுப்பவர் ஆளை நம்புவதைவிடப் பணத்தை நம்பப் பழகினார் என்றே நினைக்கிறேன். அந்தத் தாய்க்கும் வாடகையைத் தவிர வேறு வருமானமில்லை.

மருமகனிடம், 15,000 ரூபாயை மாதாமாதம் கொடுத்துவிடு என்றேன். கூடவே, தொடர்மாடியின் கூட்டாதனத் திட்டப்படத்தைக் கேட்டுப் பார்க்கவும் சொன்னேன். அந்த நீள்சதுரம் அவரது வீட்டோடு சேர்ந்ததா, எல்லா உரிமையாளருக்கும் பொதுவானதா என்பது அதில்தான் தெரியும். பொதுவானதென்றால், பத்து இலட்சத்தின் கதையே வேண்டாம். 15,000 ரூபாய்க்குக்கூட அதைத் தனியே கொடுக்க அவருக்கு உரிமையில்லை.

படம் இன்னும் கைக்கு வரவில்லை.