மூடப்படும் துறையும் பற்றற்ற மனமும்

தன் இறையியல் துறையை மூடிவிட்ட ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அதற்குப் பிறகும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்தானா என்னும் கேள்வி, அமெரிக்காவின் சிறிய கல்வி நிறுவனங்களில் இன்று அறங்காவலர் குழுவின் நிகழ்ச்சி நிரலிலேயே இடம்பெறும் நடைமுறைக் கேள்வியாகிவிட்டது. அதனுள் இன்னொரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. இரண்டில் அதுவே கடினமானது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு யாரிடம் வந்து சேர்கிறதோ, அவர் எத்தகைய மனநிலையில் நின்று முடிவெடுத்தால் அது நேர்மையான முடிவாகும் என்பதே அந்தக் கேள்வி.

இச்சிறு நிறுவனங்கள் எதைக் கொண்டு வாழ்கின்றன என்று பார்த்தால்தான் கேள்வியின் கனம் விளங்கும். பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மூலநிதி, அதாவது முதலைத் தொடாமல் அதன் வருவாயை மட்டும் செலவிடும்படி கொடையாளர்கள் வைத்துச் சென்ற பணம், பெருந்துணையாக இருக்கிறது. சிறியவையோ பெரும்பாலும் மாணவர் கட்டும் கட்டணத்தைக் கொண்டே ஆண்டை ஓட்டுகின்றன. அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டுப் பின் சரிந்ததால், பதினெட்டு ஆண்டு கழித்துக் கல்லூரி வாசலுக்கு வரவேண்டிய தலைமுறையும் சுருங்குகிறது. வருகிறவர்களில் பலர் செவிலியம், வணிகம் போன்று வேலைக்கு நேராக இட்டுச்செல்லும் படிப்புகளையே நாடுகிறார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களைக் கொண்ட மெய்யியல் துறை அப்போது கணக்கேட்டில் வெறும் நட்டமாகத் தெரிகிறது. பணமுடை இந்நிறுவனங்களின் முன்னோடிகளுக்குப் புதிதன்று. இயேசு சபையினர் 1551இல் உரோமையில் ஒரு பள்ளியைத் திறந்தபோது, இலக்கணம், இலக்கியக் கலைகள், கிறித்தவக் கோட்பாடு ஆகியவை இங்கே இலவசமாகக் கற்பிக்கப்படும் என்று வாசலில் எழுதி வைத்தார்கள். அந்தப் பள்ளி விரைவிலேயே கடனில் சிக்கித் தவித்தது. ஆனால் மாணவர் எண்ணிக்கையே ஒரு துறையின் ஆயுளை நிர்ணயிக்கும் என்னும் நிலையை அவர்கள் அறிந்ததில்லை.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள வீலிங் நகரத்தில், 1950களின் நடுவில் இயேசு சபையினரின் பொறுப்பில் ஒரு கல்லூரி தொடங்கியது. பின்னர் அது வீலிங் ஜெசூட் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. அம்மாநிலத்தின் ஒரே கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனமும் அதுதான். 2019 மார்ச்சில் அது நிதி அவசரநிலையை அறிவித்தது. எளிதில் பணிநீக்கம் செய்ய முடியாத நிலைப்பணி பெற்ற ஆசிரியர்களையும் நீக்குவதற்கு இடம்தரும் கடைசிக் கட்ட ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். அதைத் தொடர்ந்து மாணவர்கள் முதன்மைப் பாடமாக எடுக்கும் பிரிவுகளிலிருந்து இறையியலும் மெய்யியலும் வரலாறும் இலக்கியமும் நீங்கின. இயேசு சபையின் மேரிலாந்து நிர்வாக மாகாணம் அந்தக் கல்வியாண்டோடு தன் இணைப்பை முடித்துக்கொண்டது. பெயரிலிருந்து, அச்சபையினரைக் குறிக்கும் ‘ஜெசூட்’ என்னும் சொல்லும் அதே ஆண்டில் போயிற்று. உள்ளே இல்லாததைப் பெயர்ப்பலகையில் வைத்திருக்கவில்லை என்ற அளவிலாவது இந்தப் பிரிவு மதிக்கத்தக்கது. நான்கு ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரியில், வர்ஜீனியாவின் மேரிமவுண்ட் பல்கலைக்கழக அறங்காவலர்களும் இறையியல், மெய்யியல், கணிதம், வரலாறு உள்ளிட்ட பட்டப்படிப்புகளை நிறுத்த வாக்களித்தார்கள். எல்லா மாணவரும் படிக்கும் பொதுப்பாடங்களில் இவை தொடரும் என்று நிர்வாகம் விளக்கம் தந்தது.

அந்த விளக்கம் போதுமானதா என்பதற்கு ஜான் ஹென்றி நியூமன் 1852இல் டப்ளினில் ஆற்றிய உரைகளில் ஒரு வாதம் இருக்கிறது. அறிவுத்துறைகள் ஒன்றையொன்று அணைத்தும் எல்லை காத்தும் நிற்பவை. அவற்றில் ஒன்றை அகற்றினால் அதன் இடம் வெறுமையாகக் கிடக்காது, பக்கத்துத் துறைகள் எல்லை மீறி உள்ளே புகுந்து, தமக்கு உரிமையில்லாத கேள்விகளுக்கும் விடை சொல்லத் தொடங்கும் என்பது அவர் கருத்து. பொதுப்பாடமாக மட்டும் எஞ்சும் இறையியலுக்கு இது அப்படியே பொருந்தும். தன் ஆய்வு மாணவரும் தன் கேள்விகளும் இல்லாத ஒரு பாடம், பிறர் வரையும் கால அட்டவணையில் ஒரு கட்டத்தை நிரப்பும் பாடமாக ஒடுங்கிவிடும். கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990இல் வெளியிட்ட சட்டத்தொகுப்பும், இறையியலுக்கு ஒரு புலமோ, குறைந்தது ஓர் ஆசிரியப் பீடமோ இருக்க வேண்டும் என்றே கேட்கிறது. நியூமன் புனிதராக அறிவிக்கப்பட்டது 2019 அக்டோபரில், அதாவது வீலிங் தன் பெயரைச் சுருக்கிக்கொண்ட அதே ஆண்டில் என்பது தற்செயல்தான். ஆனாலும் உறுத்துகிற தற்செயல்.

இனி இரண்டாவது கேள்வி. சென்னையிலுள்ள கல்லூரியின் பெயரால் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமான லொயோலா இஞ்ஞாசியார், ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் தம் நூலில் முடிவெடுக்கும் முறையைத் தேர்ந்து தெளிதல் என்ற பொருளில் விரிவாக வகுக்கிறார். அதன் அடித்தளம் பற்றின்மை. செல்வமா வறுமையா, நீண்ட ஆயுளா குறுகிய ஆயுளா என எதன் பக்கமும் முன்கூட்டியே சாயாமல், இறைவனைச் சேரும் குறிக்கோளுக்கு எது எவ்வளவு உதவுமோ அதை அவ்வளவே பயன்படுத்தும் மனச்சமநிலை அது. இந்தச் சொல் நிர்வாகத்தின் கையில் கிடைக்கும்போது அதன் திசை மாறிவிடுவதைக் கவனிக்க வேண்டும். வேலையிழக்கும் ஆசிரியரிடம், எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள், எல்லாம் இறைச்சித்தம் என்று சொல்வது இஞ்ஞாசியாரின் பெயரால் நடக்கும் கொடுமை. அவர் பற்றின்மையைக் கேட்பது முடிவுக்கு ஆட்படுகிறவரிடம் அன்று, முடிவெடுக்க உட்காருகிறவரிடம். தன் பதவி, தன் பெயர், தன் காலத்தில் கட்டிய கட்டடம், தான் முதலில் மேசையில் வைத்த திட்டம் ஆகிய எதுவும் பறிபோகலாம் என்று ஏற்காத தலைவர் துறைகளின் பட்டியலைத் தொடும்போது, அங்கே தெளிதலுக்கு இடமில்லை. கழித்தல் கணக்கு மட்டுமே மிஞ்சுகிறது.

இது ஏட்டுச்சுரைக்காய் அன்று என்பதற்கு, இஞ்ஞாசியார் தம் தோழர்களோடு தோற்றுவித்த இயேசு சபையின் பிறப்பே சான்று. 1539இன் தவக்காலத்தில், உரோமையில் கூடியிருந்த தோழர்கள் திருத்தந்தையின் பணிக்காக வெவ்வேறு நாடுகளுக்குச் சிதறவிருந்தார்கள். அதற்குமுன், ஒரே அமைப்பாக நீடிப்பதா, தம்முள் ஒருவருக்குக் கீழ்ப்படிவதா என்று முடிவு செய்தாக வேண்டியிருந்தது. வெவ்வேறு நாட்டவரான அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இருந்தது. ஊரைவிட்டு ஒதுங்கி நோன்பிருந்து முடிவெடுக்கலாமா என்று எண்ணியவர்கள், செய்துகொண்டிருக்கும் பணி கெடும், மக்கள் ஓடிப்போய்விட்டதாகப் பேசுவார்கள் என்பதால் அதைக் கைவிட்டு, பகலில் வழக்கமான வேலையும் இரவில் ஆலோசனையுமாக நாட்களைக் கழித்தார்கள். கீழ்ப்படிதல் பற்றிய கேள்வி இழுபறியானபோது அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள் வியப்பூட்டுபவை: எவரும் மற்றவரிடம் இதுபற்றித் தனியே பேசி மனத்தை மாற்றக் கூடாது, ஒவ்வொருவரும் தாம் இக்குழுவைச் சேராத அயலார் என்று எண்ணிக்கொண்டு சிந்திக்க வேண்டும், ஒரு நாள் அனைவரும் அந்த யோசனையின் தீமைகளை மட்டுமே சொல்ல வேண்டும், மறுநாள் அனைவரும் நன்மைகளை மட்டுமே சொல்ல வேண்டும். ஆதரிப்பவரும் ஒரு நாள் முழுக்க எதிர்த்துப் பேசியாக வேண்டும் என்பதால், முகாம் கட்டிக்கொள்ள அங்கே வழியில்லாமற் போயிற்று. முடிவு எட்டப்பட ஜூன் மாதம் ஆயிற்று. இன்றைய துறைக்குறைப்புகளில் துணைவேந்தருக்கு நிகரான தலைவரே ஒரு நாள் தம் சொந்தத் திட்டத்தின் தீமைகளை ஆசிரியர் பேரவை முன் அடுக்கிக் காட்டுவதாகக் கற்பனை செய்தால், அம்முறையின் துணிச்சல் புரியும்.

ஆனால் இதே மரபில் ஓர் இடறலும் இருக்கிறது. உள்ளம் வறண்டு, இருண்டு, நம்பிக்கை தளர்ந்திருக்கும் வேளையில் முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியாரின் புகழ்பெற்ற விதி. அவ்வேளையில் அறிவுரை சொல்வது தீய ஆவியே என்பது அவர் கணிப்பு. நிதி அவசரநிலை என்பது ஒரு நிறுவனம் முழுவதற்குமான வறட்சி. ஊதியம் கொடுக்கப் பணமில்லாத மாதத்தில், மனம் தெளியட்டும் என்று காத்திருக்க எந்த அறங்காவலராலும் இயலாது. இம்முரணுக்கு நேரான விடை இல்லை. வறட்சி வருமுன், கையில் இரண்டு மூன்று ஆண்டுக்குப் பணம் இருக்கும்போதே கணக்கை எல்லார் முன்னும் விரித்து வைத்தவர்களுக்குத்தான் அந்த விதியைப் பின்பற்றும் வாய்ப்புண்டு. மறைத்து வைத்தவர்கள் அந்த வாய்ப்பையும் சேர்த்தே செலவழித்துவிடுகிறார்கள்.

முடிவுக்குப் பின் வருவதை நிர்வாக மொழி ‘மாற்றக்காலம்’ என்கிறது. துறை ஒரே நாளில் மறைவதில்லை; ஏற்கெனவே சேர்ந்த மாணவர்கள் பட்டம் பெறும்வரை வகுப்புகள் நடந்தாக வேண்டும். ஆகவே புதிய முகங்களே இல்லாத துறையில், முதலாண்டு வகுப்பு நின்று, அடுத்த ஆண்டு இரண்டாமாண்டு நின்று, கடைசியில் இரண்டு மூன்று பேர் மட்டும் அமர்ந்திருக்கும் அறையில் ஆசிரியர் அக்குவினாசையோ பிளேட்டோவையோ அதே கவனத்தோடு நடத்த வேண்டியிருக்கிறது. அதை இழப்பு என்று சொல்லித் துக்கம் காக்க இடம் தராமல் ‘புதிய தொடக்கம்’ என்று அழைப்பது, இறந்தோர்க்காக வழிபாடு நடத்தும் ஒரு சமயத்துக்குப் பொருந்தாது.

இஞ்ஞாசியாரின் கடைசி ஆண்டுகளில் உடனிருந்து குறிப்பெடுத்த கொன்சால்வெஸ் த காமரா ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார். தம் சபையே கலைந்து போனாலும், கால்மணி நேரம் இறைவனிடம் ஒதுங்கினால் தமக்கு அமைதி திரும்பிவிடும் என்று இஞ்ஞாசியார் சொல்லி வந்தார். சபையோடு ஒத்துப்போகாதவரென்று அறியப்பட்ட கர்தினால் கராஃபா 1555 மே மாதத்தில் நான்காம் பவுல் என்னும் பெயரில் திருத்தந்தையானார். செய்தி வந்த கணத்தில் இஞ்ஞாசியாரின் முகம் மாறி, உடம்பின் எலும்பெல்லாம் நடுங்கியது. எதுவும் பேசாமல் எழுந்து சிற்றாலயத்துக்குள் சென்றவர், சிறிது நேரத்தில் தெளிந்த முகத்தோடு வெளியே வந்தார்.